எதோடு எது

பேங்க் சார் மாற்றலாகிப் போகும்போது
எழுநூறு ரூபாய் மீன்பாக்கிக்கு
இந்தக் கண்ணாடித் தொட்டியைத் தந்துவிட்டுப் போனார்.
மூன்றடி நீளம். அடியில் கொஞ்சம் கூழாங்கல்.
சோனாங்குப்பத்து வீட்டில் அதை வைக்க
டிவி அலமாரிக்கு ஏறிற்று.

லாரன்ஸ் ரோட்டுக் கடையில் தௌசீப் என்றொரு பையன்.
"எத்தனை லிட்டர் தொட்டிக்கா?" என்றான்.
எனக்குக் கிலோதான் தெரியும்.

நீலமும் சிவப்புமாய் ஊசி ஊசியாய் நியான்.
பத்து கொடு என்றேன்.
"உங்க வீட்ல என்ன தண்ணி?"
துறைமுகத்துப் பக்கத்து போர்த்தண்ணி,
சோப்பு நுரைக்காது, குக்கரில் வெள்ளை படியும்.
"அப்ப வேணாம். ஒரு வாரம் தாங்காது."

பாய்மரம் விரித்த மாதிரி ஒன்று, ஏஞ்சல்.
"குட்டியா இருக்கும்போது சாது.
வளந்துட்டா வாய்க்குள்ள போறதெல்லாம் தீனி."
வரி போட்ட பார்ப்?
"மத்ததுங்க வாலைக் கடிக்கும்.
ஆறேழு சேத்து விட்டா
தங்களுக்குள்ளயே கடிச்சுக்கும், அடுத்ததை விட்டுடும்."
எங்கள் தெருச் சங்கம் ஞாபகம் வந்தது.
ஃபைட்டர்கள் ஆளுக்கொரு பாட்டிலில்,
நடுவில் அட்டை.
கப்பி வாங்கினால்
"ஒரு ஆணுக்கு மூணு பொண்ணு போடணும்,
கம்மியானா துரத்தித் துரத்தியே கொன்னுடும்."
அதைச் சொல்லும்போது
பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இருபத்தாறு வருஷமாய் மீன் விற்கிறேன்.
செவுளைத் தூக்கினால் எந்த நேரத்து வலை என்று சொல்வேன்.
நெத்திலியோடு மாங்காய் சேரும்,
சுறாவுக்குப் பூண்டு உரிக்காமல் ஆகாது,
வஞ்சிரத்துக்கு ஒன்றும் வேண்டாம், தோசைக்கல் போதும்.
"அஞ்சலை, இதோட எதைப் போடுறது?"
கேட்டுக்கொண்டுதான் மஞ்சக்குப்பத்தில்
பாதி அடுப்பு எரிகிறது.
என் ஐஸ் பெட்டியில்
பாறைமேல் தலைவைத்து மத்தி படுத்திருக்கும்.
ஒரு நாள் சண்டை வந்ததில்லை.

உயிரோடு இருக்கும்போது அதுகளுக்கு
இத்தனை குணம் என்று
யார் எனக்குச் சொன்னார்கள்?

கடைசியில் கறுப்பு மாலி.
"கெட்டித் தண்ணி இதுக்கு ஒத்துக்கும்.
உப்பு கலந்த முகத்துவாரத்துலயும் இருக்கும்."
நம்ம ஊர்க்காரிதான் என்றேன்.
நாலு பெண், ஒரு ஆண், துணைக்கு ஆறு பிளாட்டி.
காசை வாங்கிக்கொண்டு மீனைத் தரவில்லை அவன்.
மூணு வாரம் வெறும் தண்ணீர் ஓட வேண்டுமாம்.

விடிகாலையில் படகு விட்டு வந்த தேசிங்கு
குமிழி விடும் காலித் தொட்டியைப் பார்த்துவிட்டு
"மீன் இல்லாத தண்ணியத்தான்
தினம் போய்ப் பாத்துட்டு வரேன்.
வீட்லயுமா?" என்றார்.

ஐப்பசி மழையில் கரண்ட் போய் வந்த இரவு
ஒரு மாலி குட்டி போட்டது.
காலையில் இருபத்திரண்டு. உலை கொதிப்பதற்குள் பதினாலு.
தாயேதான்.
ஒத்துப்போகும் என்று எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டில்
இது இல்லை.
போனில் தௌசீப்,
"ஒளிய இடம் இல்லக்கா. புதர் மாதிரி எதாவது போடுங்க."

புதருக்கு எங்கே போவது.
பரண்மேல் கிழிந்த வலை கிடந்தது.
ஒரு முழம் அறுத்து, உப்புப் போக நாலு தண்ணீர் அலசி,
சுருட்டிக் கல்லில் கட்டி இறக்கினேன்.
கண்ணி சின்னது, தாய்க்குத் தலை நுழையாது.
கொஞ்ச நேரத்தில் உள்ளே
கடுகு கடுகாய்க் கண்கள்.

தேசிங்கு சாப்பிட்ட கையோடு வந்து குனிந்தார்.
"அது என் வலை."
ஆமாம் என்றேன்.
வேறு எதுவும் சொல்லாமல் குந்தி உட்கார்ந்து
விரலைக் கண்ணாடியில் படாமல் நீட்டி எண்ணினார்.

பதினொன்று.
இல்லை, பன்னிரண்டு என்றேன், அந்தக் கல்லுக்குப் பின்னால் ஒன்று.
அசையாதே என்றார்,
முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.