தலைக்கணக்கு

காலை பத்து ஐம்பதுக்கு ஒத்திகை என்று
நேற்றே எல்லோருக்கும் தெரியும்.
அதனால் யாரும் பதறவில்லை.
பெங்களூரா மாம்பழங்கள்
பட்டையின் பாதி வழியில் நின்றன.
கொட்டை நீக்கும் எந்திரம்
கடைசியாக ஒரு தடவை முனகியது.

விட்டு விட்டு ஊதினால் அம்மோனியா,
விடாமல் ஊதினால் தீ.
அந்தத் தாளைச் சுவரில் ஒட்டியவள் நான்.
பசை போதவில்லை.
ஒரு மூலை ஆலை திறந்த நாளிலிருந்து படபடக்கிறது.

விட்டு விட்டு ஊதியது.

பெண்கள் முந்தானையைத் தொட்டியில் நனைத்தார்கள்,
பிழிந்தார்கள், மூக்கில் வைத்தார்கள்,
பிறகு சிரித்தார்கள்.
கொதிகலன் திம்மராயன்
டீ கிளாஸோடு வந்து நின்றான்.
கூரை மேல் காற்றுப்பை
கிழக்கே நீட்டிப் படுத்திருந்தது.
காற்று போகிற பக்கம் போகாதே,
குறுக்கே போ, குறுக்கே போ என்று
தொண்டை வற்றக் கத்தினேன்.
மேற்குக் கேட் ஓரம்
பச்சைப் பலகைக்கு அடியில்
வரிசை வரிசையாக வந்து நின்றார்கள்.

நான்கு நிமிடம், பன்னிரண்டு விநாடி.
பதிவேட்டில் எண்பத்தாறு.
வெயிலில் எண்பத்தாறு.
ஓசூரிலிருந்து வந்த அதிகாரி
கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.
'மிக நன்று' என்று எழுத
அவர் பேனாவுக்கு மை வரவில்லை.
என் பேனாவைக் கொடுத்தேன்.

அவருக்கு இளநீர் வெட்ட ஆள் போனது.
நான் பூட்டுச் சாவிகளைச் சரிபார்க்க
குளிர்பதன அறைப் பக்கம் போனேன்.

உள்ளே இருந்து யாரோ தட்டினார்கள்.

கதவைத் திறந்தேன்.
மூன்று பேர்.
இமை முடியில் வெள்ளை படிந்து
கைகளை அக்குளில் செருகிக்கொண்டு
பீப்பாய்களுக்கு நடுவே.
மேஸ்திரி சொன்னாராம்:
'கணக்குல இல்லாதவங்க வெளிய வராதீங்க,
அஞ்சு நிமிஷம்தான்.'

அம்மோனியாக் குழாய்
அவர்கள் தலைக்கு ஒரு முழம் மேலே போகிறது.
இணைப்பில் கட்டிய சணல்
போன வருஷம் கட்டியது.

பேர் என்ன என்றேன்.
'பேரா? எதுக்குங்க?'
கெம்பி, அஞ்செட்டிப் பக்கம்.
அவள் கூட வந்த ருத்ரி.
மூன்றாவது பையனுக்குத் தமிழ் வராது.
நெஞ்சைத் தொட்டு, புதன், என்றான்.
புதன் முண்டா.
பிறந்த கிழமையே பேர்.
நாளைக்கும் புதன்கிழமைதான்,
வாரச் சம்பளம் போடுகிற நாள்.
பேரில்லாத கூலியைச் சில்லறையாகத் தருவார்கள்.

இளநீர் வாசனை அலுவலகத்தில் இருந்தது.
சிவப்புப் பொத்தானுக்கு மேல் கண்ணாடி.
அதை உடைக்கச் சின்னச் சுத்தியல் சங்கிலியில் தொங்கும்.
சங்கிலி குட்டை.
இதுவரை யாரும் உடைத்துப் பார்க்காததால்
அது குட்டை என்று யாருக்கும் தெரியாது.
முழங்கையால் உடைத்தேன்.

இந்தத் தடவை யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

ஒரு செருப்பு சாய்கடையில் போனது.
கூழ் வாளி கவிழ்ந்து
மஞ்சள் வழுக்கலில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள்.
திம்மராயன் டீயை விட்டு ஓடினான்,
பாதி வழியில் திரும்பி வந்து
நீராவி வால்வை மூடிவிட்டு ஓடினான்.
அதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை;
என் தாளிலும் இல்லை.
மேலாளர் காருக்குள் ஏறிவிட்டார்.
அதிகாரி கர்ச்சீப்பை நனைக்கத் தண்ணீர் தேடி
கடைசியில் இளநீரில் நனைத்தார்.

ஒன்பது நிமிடம். நான் நிறுத்திவைக்கவில்லை,
சுவர்க்கடிகாரம் சொன்னது.

எண்ணினேன்.
எண்ணும்போது தலையைத் தொட்டு எண்ணினேன்,
யாரும் விலகவில்லை.
எண்பத்தாறாவது தலை திம்மராயனுடையது.
அதற்கப்புறம் கெம்பி,
ருத்ரி,
கை இன்னும் சில்லென்று இருந்த புதன்.

'யார் அழுத்தினது?' என்றார் மேலாளர்,
கார்க் கண்ணாடியைப் பாதி இறக்கி.
காற்றுப்பையைக் காட்டினேன்.
அது இப்போது தெற்கே நீட்டியிருந்தது.
'காத்து மாறிடுச்சுங்க.'

பதிவேட்டின் கோடுகள் எண்பத்தாறோடு முடிகின்றன.
அதற்குக் கீழே ஆலையின் பேர், முத்திரை,
அதிகாரியின் கையெழுத்து, என் மையில்.

முத்திரை மேலேயே எழுதினேன்.
மூன்றாவது பேர் இடம் போதாமல்
விளிம்பில் வளைந்து ஏறியது.

எதற்கும் இருக்கட்டும் என்று
சுத்தியலின் சங்கிலியையும் அளந்துகொண்டேன்.
பதினொரு அங்குலம்.