தூக்கம் பதினாலு, நனவு ரெண்டு

ஆடி மாசம் தூக்குவாளி மூடியின் உட்புறம்
ஆணியால் கீறி வைத்தேன்:
தைக்குள் சீட்டு.
மீதியை எழுத மூடியில் இடமில்லை.

ஜீப்பில் பதினேழு பேர்.
முருகாயிக்குக் கல் வைத்த தோடு,
வீருசின்னுவுக்கு மகளின் நர்சிங் கடைசித் தவணை.
கம்பம்மெட்டு ஏறும்வரை
அவரவர் கணக்கு அவரவர் மடியில்.
என்னுடையதைச் சொன்னதும் சிரித்தார்கள்.
மலையாளம் படித்துக் கலெக்டர் ஆகவா?
கூலிச் சீட்டைப் படிக்க, என்றேன்.
அதற்குத்தான் ஜோயிச்சன் இருக்கானே, என்றார்கள்.
அதனால்தான் என்று நான் சொல்லவில்லை.

பதினோரு வருசமாக ஏலக்காய் எடுக்கிறேன்.
அந்தப் பாஷை காதுக்குத் தெரியும்,
திட்டினால் திருப்பித் திட்ட வாய்க்கும் தெரியும்.
கண்ணுக்குத்தான் அது
சரத்தில் நெருங்கிய பிஞ்சு மாதிரி
எல்லாம் உருண்டை.

பஸ்களிடம் கற்றேன்.
கட்டப்பனை வண்டியின் கடைசி எழுத்து ன.
வண்டன்மேட்டின் முதல் எழுத்து வ,
அதே பலகையின் முடிவில் தலைக்குமேல் ஒரு பிறை,
நம்மூர்ப் புள்ளிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி.
டீக்கடையில் ச.
ஒ, நம் ஒ போலவே இருந்தது;
பாவம், அதற்கு யாரும் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

ஆவணி முழுக்க ஒன்றும் நடக்கவில்லை.
புரட்டாசியில் காய்ச்சல், பாதி மறந்தது.
அப்புறம் கொஞ்ச நாள்
மூடியைப் பார்க்கவே வெட்கப்பட்டு
கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டேன்.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம்
வளைவில் ஜீப் திணறி நின்றபோது
மடியிலிருந்த சீட்டு தானாக வாய் திறந்தது:
தூக்கம்.

மலைக்கு மேலே தூக்கம் என்றால் எடை.
கீழே அதற்கு என்ன பொருளோ
அதைப் பார்த்து எனக்கு ரொம்ப நாளாகிறது.

அடுத்த வரியில் ஒரே எழுத்து இரண்டு தடவை,
பிறகு வ, பிறகு பிறை.
நனவு.
முழித்திருப்பதா?
தூக்கத்திலிருந்து நனவைக் கழிக்கிறார்களா?
மறுநாள் மழையில் ஜோயிச்சன்
சாக்கைத் தொட்டுப் பார்த்து, நனவுண்டு, என்றான்.
ஓ. ஈரம்.
தூக்கம் பதினாலு, நனவு ரெண்டு, மிச்சம் பன்னிரண்டு.
மழைதானே, சரி.

சாமி படத்துக்குப் பின்னாலிருந்து
பழைய சீட்டுகளை எடுத்தேன்.
போன மாசியிலும் நனவு ரெண்டு.
மண் வெடித்துக் கிடந்த மாசியில்.
மேலே பெயர் இருக்கும் இடத்தில்
ஒச்ச என்றிருந்தது, ஒச்சம்மாளில் பாதி.
அவர்கள் பாஷையில் அதற்குச் சத்தம் என்று அர்த்தம்.

தை பதினொன்று.
வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை.
தராசுக்கு முன்னால் நின்று எழுத்துக் கூட்டினேன்,
ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி, உரக்க.
ந. ன. வு.
ஜோயிச்சன் பேனாவை மூடினான். திறந்தான்.
மஞ்ஞுண்டல்லோ சேச்சி, என்றான்.
ரெண்டு கிலோ பனியா?
சுமந்து வந்த தலைக்குத் தெரியாதா?

ஒன்று என்று திருத்தினான்.
சைபர் இல்லை. ஒன்று.
வரிசையில் பின்னால் முருகாயி
தன் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கும்போது ஜீப்பில் யாரும் பேசவில்லை.
மெட்டு தாண்டியதும் முருகாயி
என் தொடையில் சீட்டை வைத்து அழுத்தினாள்:
எதுடி ன, காட்டு.

எதிர் வளைவில் கட்டப்பனை பஸ் ஏறி வந்தது.
வாலைப் பார், என்றேன், சீக்கிரம்,
போயிடப் போகுது.