பெயர் மாற்றப்பட்டுள்ளது

முசாஃபா கிளினிக்கில் ஒன்பதாம் எண் அறை.
ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டுகிறது.
பதிவுக் கருவியை அவள் பக்கம் நகர்த்துகிறேன்.

கீழக்கரைக்காரி. கணவர் கடல்ரிக்கில்.
இருபத்தெட்டு நாள் வேலை, இருபத்தெட்டு நாள் கரை.
"என் உடம்புக்கும் அதே கணக்குதான் சிஸ்டர்,
ரெண்டும் ஒண்ணா லீவு எடுத்ததுதான் இல்ல."
சிரித்தாள். நானும்.
சிரிப்புக்கு என் படிவத்தில் கட்டமில்லை.

பதினான்காம் கேள்வி:
கடந்த இரு வாரங்களில் தனிமையாக உணர்ந்தீர்களா?
ஒருபோதுமில்லை, சில நேரம், பெரும்பாலும், எப்போதும்.
அவள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:
"ஃப்ரிட்ஜுல முட்டைக்குப் பக்கத்துலதான் ஊசிமருந்து.
ஆம்லெட் போட எடுக்கறப்ப
கை கொஞ்சம் நிக்கும்.
அது இதுல எதுல வரும்?"
'சில நேரம்' என்று குறித்தேன்.

ஊரிலிருந்து வருகிற அழைப்புகளை
"ரிசல்ட் கேக்கற போன்" என்கிறாள்.

முடிவில் வழக்கமான வாசகம்:
உங்கள் பெயர் வெளிவராது,
வேறொரு பெயரை நீங்களே சொல்லலாம்.
மற்றவர்கள் யோசிப்பார்கள்.
ஒருத்தி சோப்பின் பெயரைச் சொன்னாள்.
இவள் நான் முடிக்குமுன்னே சொன்னாள்:
மர்ஜானா.
பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"கால் ரெண்டு சிஸ்டர்,
விட்டுறாதீங்க."

ஆய்வேட்டில் மர்ஜானாவுக்கு வயது முப்பத்தாறு.
நாலாம் அத்தியாயமெங்கும் பேசிக்கொண்டிருக்கிறாள்.
வழிகாட்டி ஓரத்தில் எழுதியிருக்கிறார்:
இவர் அதிகம் பேசுகிறார், குறைக்கவும்.

நேற்றிரவு டியூட்டி முடிந்து கோப்பைத் திறந்தேன்.
ஒரு காற்புள்ளியை எடுத்தேன்.
திரும்ப வைத்தேன்.