இருபத்தைந்து வெள்ளி

வண்டியை லாரியில் ஏற்றி
என் பட்டறைக்கே கொண்டு வந்தார்கள்.
ஊத்தான் மெலிந்தாங்கில் வேறு பட்டறை இல்லாமலில்லை.
சந்தைக்குப் பின்னால் ஆ லெக் இருக்கிறான்,
வெல்டிங் என்னைவிட நன்றாக வரும்.

நாலு சக்கரம், பச்சைத் தகரம்,
பின்னால் செம்பனைக் குலை சுமக்கும் தொட்டி.
பாரிட் சேறு காய்ந்து வெடித்திருந்தது.
குழாயைத் திறந்து பீய்ச்சினேன்.
உதிரிப் பழங்கள் விழுந்தன,
ஒரு லைட்டர்,
எண் அழிந்த நாலு நம்பர் சீட்டு,
இடது கால் பூட்ஸ்.

இருக்கை வார் பத்திரமாக இருந்தது.
பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாமல்
ராஃபியா கயிற்றால் பின்னால் கட்டியிருந்தது.
நடைக்கு நாற்பது தரம் இறங்கி ஏறுகிறவன்
எத்தனை தரம்தான் மாட்டுவான்?
கூலி டன்னுக்கு.

தலைக்கு மேல் இரும்புக் கூண்டு இல்லை.
நாலு அடிக்கட்டைகள்தான்,
பிசிறு தட்டி, சிவப்புப் பூச்சு அடித்து.
யார் செய்ததோ, சுத்தமான வேலை.

நான் செய்தது.

போன தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால்
மண்டோர் கிருபாகரன் வந்தார்.
"மட்டையில இடிக்குது அண்ணே, அறுத்துடுங்க."
இடிக்கத்தான் செய்தது.
கிரைண்டரில் பத்து நிமிடம், இருபத்தைந்து வெள்ளி.
பொறி பறப்பதைப் பார்த்து நின்ற புவனேந்திரன்
"இப்பதான் வானம் தெரியுது" என்று சிரித்தான்.

தெலுக் இந்தான் ஆஸ்பத்திரியில்
இப்போது அவனுக்கு மேலே விசிறி.
கால் இருக்கிறதா என்று
மனைவியைத் தொட்டுப் பார்த்துச் சொல்லச் சொல்கிறானாம்.
அவள் தொடுகிறாள். சொல்கிறாள்.
மறுபடி கேட்கிறானாம்.

"திங்கக்கிழமை அதிகாரி வர்றார்.
அதுக்குள்ள ஒட்டிடுங்க."
இந்தத் தரம் மண்டோர்
நூறு வெள்ளித் தாளை நீட்டவில்லை,
மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

கூண்டு பட்டறைக்குப் பின்னால்தான் நின்றது.
பாகற்கொடி ஏறிக் காய்த்திருந்தது.
பிய்க்க மனமில்லை,
கொடியோடு இழுத்து வந்து தூக்கி வைத்தேன்.
நாலு காலும் நாலு கட்டையில் உட்கார்ந்தன.
நடுவில் மூன்று மில்லிமீட்டர்,
கிரைண்டர் தின்றது.

வெல்டிங் கண்ணாடியைப் போட்டேன்.
கழற்றினேன்.
கூண்டை இறக்கி வண்டிக்குப் பக்கத்தில் சாய்த்தேன்.
அடிக்கட்டைகளின் சிவப்புப் பூச்சை
உளியால் சுரண்டினேன், நாலிலும்,
இரும்பு வெள்ளையாய்த் தெரியும்வரை.

கிழக்கே மேகம் கட்டியிருந்தது.
வண்டியைக் கூரைக்கு வெளியே தள்ளினேன்.
திங்கட்கிழமைக்குள் நன்றாகத் துருப்பிடித்துவிடும்.

தாள் இன்னும் மேசையில்தான் கிடக்கிறது,
பறக்காமல் இருக்க
அந்த லைட்டரை மேலே வைத்திருக்கிறேன்.