மாற்று வழி

மின்விசிறிக்கு மூன்று இறக்கை போதும் என்று
உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது.
உள்ளே விரல் நீளத்தில் ஒரு கெப்பாசிட்டர் உண்டு.
அது இல்லாவிட்டால் இறக்கை வெறும் தகடு.
ஷென்சென்னில் கப்பலேறி, கடல்கள் தாண்டி,
அமேசானுக்குள் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்
எதிர்நீச்சல் போட்டு வந்து
மனாவுஸ் துறைமுகத்தில் என் கையெழுத்துக்குக் காத்திருக்கும்.
நான் ஜுசாரா. கொள்முதல் பிரிவு.

போன வருஷம் கணினியில் ஒன்றை வேலைக்கு அமர்த்தினார்கள்.
மழை, ஆற்றுமட்டம், எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது,
எந்தத் துறைமுகத்தில் வேலைநிறுத்தப் பேச்சு,
எல்லாவற்றையும் தின்றுவிட்டு
காலை ஏழு மணிக்கு ஒரு வரி துப்பும்.
கிடங்குப் பையன்கள் அதற்குக் கிளி என்று பேர் வைத்தார்கள்.

மே மாதம். ஆறு நிறைந்து
படகுக்காரர்கள் மரத்தின் உச்சிக்கிளையில்
சட்டை காயப்போட்ட நாட்கள்.
கிளி சொன்னது:
அக்டோபரில் பெரிய கப்பல் வராது. நூற்றுக்கு அறுபத்தொன்று.

இயக்குநர் எவாந்த்ரோ கண்ணாடியைக் கழற்றினார்.
"மிச்சம் முப்பத்தொன்பது யாருடையது?"
"உங்களுடையது" என்றேன்.
"அறுபத்தொன்றுக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன்."

வெள்ளம் வருமுன் அணை போடலாம்.
வராமல் போகப்போகும் தண்ணீருக்கு
என்ன போடுவது?
பணத்தைப் போட்டேன்.
ஐந்து மாதச் சரக்கை ஒரே மூச்சில் இறக்கினேன்.
கிடங்கு நிறைந்து, நடைபாதை நிறைந்து,
உணவுக்கூடத்துக்குள்ளும் மரத்தட்டுகள் வந்து உட்கார்ந்தன.
நாங்கள் நின்றுகொண்டு சாப்பிட்டோம்.
ஜூனில் மழை கொட்டியபோது
முதுகுக்குப் பின்னால் யாரோ கிளி போலக் கத்தினார்கள்.
திரும்பவில்லை. குரல் தெரியும்.

ஆகஸ்டில் ஆறு படியிறங்கியது.
செப்டம்பரில் ஓடியேவிட்டது,
ஒரு நாளைக்கு ஒரு சாண்.
துறைமுகச் சுவரில் எழுதிய எண்கள்
ஒவ்வொன்றாய் உயரத்தில் தனித்து நின்றன.
எந்தக் காலத்திலோ யாரோ பாறையில் செதுக்கிய முகங்கள்
தண்ணீருக்கடியிலிருந்து வெளியே வந்து
வாய் திறந்து பார்த்தன.
கிளியின் கணக்கில் அந்த வறட்சி இல்லை.

பக்கத்தில் இரண்டு தொழிற்சாலைகள் கேட்டைப் பூட்டின.
எங்களிடம் கெப்பாசிட்டர் இருந்தது, செப்புக் கம்பி இருந்தது.
நாற்பது டிகிரியில் ஊரே விசிறி கேட்டது.
எவாந்த்ரோ என் மேசைக்குக் கேக் அனுப்பினார்.

அந்தத் திங்கட்கிழமை
மூன்றாம் வரிசையில் பதினேழு நாற்காலி காலி.
வால்டெய்சி வரவில்லை. அவள் பக்கத்தில் உட்காரும்
இரண்டு சகோதரிகளும் வரவில்லை.
டருமா ஓடையில் மிதக்கும் வீட்டுக்காரர்கள்.
வீடு தரைதட்டிச் சாய்ந்துவிட்டது.
ஓடை இருந்த இடத்தில் முழங்கால் ஆழச் சேறு.
கரை கண்ணுக்குத் தெரிந்தது, காலுக்கு எட்டவில்லை.

கிளிக்கு எல்லாம் தெரியும்.
எண்ணூற்று நாற்பது பாகங்கள், அவை வரும் வழி,
வழி அடைத்தால் மாற்று வழி.
பாகத்தைப் பூட்டும் கை எந்த வழியாக வருகிறதென்று
நான் அதற்குச் சொல்லவேயில்லை.
கருவியின் பிழை என்றுதான் அறிக்கையில் முதலில் எழுதினேன்.
பிறகு அழித்தேன்.

வால்டெய்சியைத் தொலைபேசியில் பிடித்தேன்.
"மாற்று வழி ஏதாவது?"
"பலகை இருந்தால் நடப்போம்" என்றாள்.
"குடிதண்ணீர்க் கேனும் அந்தப் பக்கமே நிற்கிறது."

உணவுக்கூடத்தில் காலி மரத்தட்டுகள்
ஷென்சென் முத்திரையோடு கூரை தொட்டு நின்றன.
லாரி இரண்டு, கிடங்குப் பையன்கள் எட்டுப் பேர்,
கிளி போலக் கத்தியவனும் சேர்த்து.
மாலைக்குள் சேற்றின்மேல் ஒரு தெரு.
முதலில் தண்ணீர்க் கேன்கள் கடந்தன.
பிறகு ஒரு நாய்.
புதன்கிழமை மூன்றாம் வரிசை நிறைந்தது.

கிளியில் பதினேழு வரி சேர்த்தேன்:
பேர், ஓடை, எந்த மட்டத்தில் படகு நின்றுபோகும்.
"தேவாலயப் படியில் ஐந்தாவது தெரிந்தால்" என்றாள் ஒருத்தி.
அதை மீட்டராக்க இரண்டு நாள் ஆயிற்று.

டிசம்பர் சரக்குக் கணக்கில் கிளி கேட்டது:
மரத்தட்டு இருநூற்றுப் பன்னிரண்டு குறைகிறது. காரணம்?
சேதம். திருட்டு. மற்றவை.
மற்றவையைத் தொட்டு எழுதினேன்:
ஆற்றில் இருக்கின்றன.
தண்ணீர் ஏறினால் மிதந்து வரும்.