தண்ணீர்க் கழிவு

மழை பெய்தால் இலையில் தண்ணீர் ஏறும்.
மூட்டைக்கு மூன்று கிலோ கழிப்போம்.
அது பேக்டரி வழக்கம், நான் ஏற்படுத்தியதல்ல.
தை மாதத்தில், பனி கருக்கிய வெயிலில்,
கையில் எடுத்தால் சலசலக்கும் கொழுந்துக்கும்
மூன்று கிலோ கழித்தேனே,
அது நான் ஏற்படுத்தியது.

ஓரசோலை வளைவில் பிக்கப்பை நிறுத்தி
கொக்கித் தராசில் மூட்டையை மாட்டினால்
முள் நடுங்கி நிற்கும் முன்பே
என் பேனா நின்றுவிடும்.
முப்பத்தொன்று என்றால் இருபத்தெட்டு.
பதினோரு வருடம். ஒருவரும் கேட்டதில்லை.
மாசியம்மா மட்டும்
மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி
என் முன் விரித்துக் காட்டுவார்.
உள்ளங்கை உலர்ந்திருக்கும்.
பேசமாட்டார்.
நான் அடுத்த பெயரை உரக்கக் கூப்பிடுவேன்.

வெள்ளிக்கிழமை, கோத்தகிரி பள்ளிவாசல்.
ஹவுளில் தண்ணீர் ஊசியாய்க் குத்தியது;
ஒளுச் செய்தேன் என்று பேருக்குச் சொல்லலாம்.
புது இமாம் ஆம்பூர்க்காரப் பையன்.
இந்தக் குளிர் அவருக்குப் பழகவில்லை,
மப்ளருக்குள்ளிருந்து பயான், நடுநடுவே இருமல்.
கூஃபாவில் ஓர் ஆடு திருடு போனதாம்.
ஊர் மந்தையில் கலந்துவிட்டது, எது என்று தெரியாது.
அங்கிருந்த பெரிய இமாம் ஒருவர் விசாரித்தாராம்,
ஆடு எத்தனை வருடம் உயிரோடிருக்கும் என்று.
ஏழு, என்றார்கள்.
ஏழு வருடம் அவர் ஆட்டிறைச்சியைத் தொடவில்லை.
இதிலிருந்து நமக்கு என்ன பாடம் என்றால், என்று தொடங்கினார்,
இருமல் வந்துவிட்டது.
அது அடங்குவதற்குள் பாங்கு நேரம்.

செருப்பைத் தேடும்போது ரபியுத்தீன் சொன்னான்,
"அந்தக் காலத்து மனுசங்க."
ஆமாம் என்றேன்.
அந்த ஆமாமை வைத்துக்கொண்டு
பஸ் ஸ்டாண்டு வரை தப்பித்துவிட்டேன்.

டீ வந்தது.
நுரை அடங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்த மூன்று கிலோ எங்கே போயிருக்கும்?
ஊரார் இலையோடு சேர்ந்து வாடி,
உருளையில் கசங்கி, சூட்டில் கறுத்து, சல்லடையில் இறங்கி
எந்தக் கடையில், எந்தத் தம்ளரில்?

அளவையில் மோசம் செய்பவர்களைப் பற்றிய அத்தியாயம்
எனக்குப் பத்து வயதிலிருந்தே மனப்பாடம்.
ஒரு எழுத்து பிசகாமல் ஓதியதற்கு
எவர்சில்வர் டிபன் டப்பா பரிசு.
இன்றைக்கும் அதில்தான்
மதியச் சோறு கொண்டு போகிறேன்.

சனிக்கிழமை மாசியம்மா வீட்டுக்குப் போனேன்,
சட்டைப்பையில் பணம், வாய்க்குள் ஒத்திகை.
பூட்டியிருந்தது.
தோட்டத்தை விற்றுவிட்டு மகனோடு திருப்பூர் போய்விட்டாராம்.
எந்தத் தெரு, யாருக்கும் தெரியவில்லை.
பக்கத்து வீட்டு பெள்ளன் சிரித்தார்:
"நீ கழிப்பேன்னு தெரிஞ்சுதான்
நாங்க எல்லாரும் கொஞ்சம் தண்ணி தெளிச்சுக் கட்டுவோம்.
கணக்கு சரியாப் போச்சு, விடு.
அந்த அம்மாவுக்குத்தான் அது வரலை."

சரியாகப் போன கணக்கில்
ஒரே ஒரு பெயர் மட்டும் நின்றது.

பேக்டரியில் டீமேக்கர் சாமுவேலிடம் கேட்டேன்,
தேயிலைச் செடி எத்தனை வருடம் இருக்கும்?
முப்பது வருடம் இலையோடு கிடக்கிறவன் கேட்கிற கேள்வியா
என்கிற மாதிரி பார்த்தார்.
"கவாத்து செய்துகிட்டே இருந்தா நூறு. அதுக்கு மேலயும்."
எனக்கு ஐம்பத்திரண்டு.

திங்கட்கிழமை முள் நடுங்கி நிற்கும் வரை நின்றேன்.
முப்பத்து நான்கு.
முப்பத்து நான்கு என்று எழுதினேன்.
மூட்டையின் அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.
பெள்ளன் என் நோட்டை எட்டிப் பார்த்தார்,
பிறகு தராசை,
பிறகு தன் மூட்டையை.

கடையில் தம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டார்கள்,
"வழக்கம்போல டீதானே?"
வெந்நீர் போதும் என்றேன்.
"ஏன் பாய், உடம்புக்கு என்ன?"
சொல்ல வாயெடுத்தேன்.
நல்லவேளை, இருமல் வந்துவிட்டது.