செவ்வாய், வியாழன்

வாரத்துக்கு ஆறு பாடவேளை.
மற்ற நாட்களில் கொட்பேயில்
ஐஸ் தொழிற்சாலைக் கணக்கு.
என் கையில் மீன்வாடை என்று
உவர்மலைப் பள்ளியில் ஒருவரும் சொன்னதில்லை.
ஜன்னலை மட்டும் திறந்து வைக்கிறார்கள்.

குவேக்கர்கள் நடத்துகிறார்கள். மணி கிடையாது.
காலையில் பத்து நிமிடம்
வட்டமாக உட்கார்ந்து சும்மா இருக்க வேண்டும்.
உள்ளே ஏதும் முட்டினால் எழுந்து சொல்லலாம்.
முதல் மாதம் எனக்கு வியர்த்துக் கொட்டியது.
இந்த ஊரில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினால்
நாங்கள் கதவைத்தான் பார்த்துப் பழகியவர்கள்.

இன்றைக்குச் சமவுயரக் கோடுகள்.
துறைமுகம் ஏன் இத்தனை ஆழம் என்று கேட்டேன்.
மூதூரிலிருந்து படகில் வரும் நுஸ்கி சொன்னான்:
"அடியில பெரிய பள்ளத்தாக்கு சேர்.
கங்கை எவ்வளவு மண்ணக் கொட்டியும் நிரம்பேல்ல."

சம்பூர் டிலக்சனாவின் தாளில்
தன்னோடு தான் வந்து முட்டிய ஒரு சின்ன வட்டம்.
குன்றா, என்றேன்.
"இல்ல சேர், கிணறு.
வீடு இல்ல. கிணறு கிடக்கு."

உட்பக்கமாகச் சிறு கோடுகள் போடு,
அப்போதுதான் பள்ளமென்று விளங்கும் என்றேன்.
பரீட்சைக்கு அது சரியான பதில்.
அவள் அழிறப்பரை வைத்துவிட்டு
ஒவ்வொன்றாகப் போட்டாள், மிகவும் கவனமாக,
கல் கட்டுவதுபோல.

எனக்குப் பாடவேளைக்குத்தான் சம்பளம்.
அந்தப் பத்து நிமிடம் கணக்கில் வராது.
வியாழன் ஐஸ் லொறியிலேயே ஏறி
நேரத்தோடு போய் உட்கார்ந்தேன்.
படகு பிந்தியிருந்தது.
இரண்டு கதிரை வெறுமையாக இருக்க
வட்டத்தை மூடாமலே தொடங்கினோம்.